சருகுமானின் இரைச்சல்

வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகிறவர்கள் பலர் இதைக் காடிக்குள் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காடி பழைய கன்சிலாக இருந்தால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஜாலான் துன் சம்பந்தன் நெரிசலில் ஊரும்போது போதுமாக இருந்த வானொலிச் சத்தம், மிட்வேலி தாண்டிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேகம் 80ஐத் தொட்டதும் போதாமல் போகும். கை தானாக வால்யூமைக் கூட்டும். கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா ஓரம் வண்டியை நிறுத்தி, சாமான் வாங்கிவந்து மறுபடி சாவியைத் திருப்பினால் வானொலி அலறும். இவ்வளவு நேரம் எத்தனை இரைச்சலுக்குள் உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கன்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றிவிட்டுப் போகும் அந்தச் சின்னப் பிராணியின் பெயரை இந்தக் காருக்கு வைத்தவர் ரசனைக்காரராகத்தான் இருக்க வேண்டும். 1994இல் பெரோடுவா இதை வெளியிட்டபோது அடிப்படையாகக் கொண்டது டாய்ஹாட்சு மீரா என்ற ஜப்பானியச் சிறுகாரை. ஜப்பானில் 'கே' கார் என்றொரு தனி வகுப்பு உண்டு. 1990 முதல் அதன் எஞ்சின் 660 சிசியைத் தாண்டக்கூடாது என்பது விதி. நம் ஊருக்குக் கன்சில் 660, 850 என இரண்டு எஞ்சின்களில் வந்தது. இரண்டிலும் மூன்றே சிலிண்டர். வண்டியின் எடை 700 கிலோவை ஒட்டித்தான். குறைந்த விலைக்கும் குறைந்த பெட்ரோல் செலவுக்கும் அந்த இலேசான உடம்பே காரணம். அதே உடம்புதான் சத்தத்தையும் உள்ளே விடுகிறது. 2009இல் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று ஓடுகிற கன்சில்களில் கடைக்குட்டிக்கே 15 வயதுக்கு மேல். ஊருக்குள் ஓடப் பிறந்த வண்டியை, 110 கிலோமீட்டர் வரம்புள்ள விரைவுச்சாலைகளில், போர்ட் கிள்ளான் போகும் கொள்கலன் லோரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இரைச்சலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் மருந்து, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுத் தரை, கதவு, கூரை என்று எங்கும் ஒலித்தடுப்புப் பாய் ஒட்டுவது. செய்யக்கூடாத வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் கன்சில் மாதிரியான பழைய இலேசான காரில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கணக்கைப் பாருங்கள். ஒரு தகட்டின் எடையை இரண்டு மடங்காக்கினால் அது தடுக்கும் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும் என்பது ஒலியியலின் பழைய விதி. சத்தம் பாதியாகக் குறைந்தது போல நம் காதுக்குத் தோன்றவோ சுமார் 10 டெசிபல் இறங்க வேண்டும். காரின் தகடு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதன் எடையை இரட்டிப்பாக்கச் சதுர மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் பாய் வேண்டும். அத்தனை எடையைச் சுமந்த பிறகும் காதுக்குப் பாதி இரைச்சல்கூடக் குறைந்திருக்காது. பெரிய காரில் 30 கிலோ கூடினால் தெரியாது. 700 கிலோ வண்டியில் அது நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல். கூடுதலாக ஒரு பள்ளிப் பிள்ளை வண்டியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருப்பது போல.

எஞ்சின் சத்தத்திலோ பாய் இன்னும் மோசமாகத் தோற்கும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், விநாடிக்கு 75 வெடிப்பு. நெஞ்சில் 'ம்ம்ம்' என்று அழுத்துகிற அந்தத் தாழ்ந்த முழக்கம் இதுதான். 75 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் நாலரை மீட்டர், அதாவது கன்சிலைவிட நீளம். அதை ஓர் அங்குலப் பஞ்சு தடுக்கும் என்று எதிர்பார்ப்பது, கொசுவலையால் கடலலையைத் தடுக்க நினைப்பதற்குச் சமம். இந்த முழக்கம் பெரும்பாலும் காற்று வழியே வருவதில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் வழியே உடம்புக்குள் இறங்குகிறது. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் எஞ்சினும் உடம்பும் ஒரே இரும்பாகிவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏர்கான் கம்ப்ரஸர் பிடித்ததும் ஸ்டீயரிங் நடுங்கி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற லோரியின் நம்பர் மங்கி இரட்டையாகத் தெரிந்தால், போமனிடம் முதலில் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களையும் அப்படியே பார்த்துவிடலாம். அற்ப விலைச் சாமான்.

டயர் சத்தமா, எஞ்சின் சத்தமா என்று பிரித்தறிய மேனுவல் வண்டியில் சுலப வழி இருக்கிறது. முன்னும் பின்னும் வண்டியில்லாத நேரான சாலையில் ஒரே வேகத்தில் போய், இரண்டு மூன்று விநாடி கிளட்சை மிதியுங்கள். இரைச்சல் சட்டென்று தணிந்தால் குற்றவாளி எஞ்சின் பக்கம். அப்படியே நீடித்தால் டயர், பேரிங், அல்லது காற்று. சாலையின் வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது ஓர் ஊளை கூடி, வலப்பக்கம் திரும்பும்போது அடங்கினால் சக்கர பேரிங் மேல் சந்தேகப்படலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. குறைவாக ஓடும் பழைய கார்களில் டயரின் பட்டை தேயாமலே ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். நம் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கெட்டிப்பட்ட டயர் பிரீமிக்ஸ் சாலையின் ஒவ்வொரு கல்லையும் எண்ணிச் சொல்லும், மழையில் வழுக்கவும் செய்யும்.

அடுத்தது ஓட்டை. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் 15, 20 ஆண்டு வெயிலில் நசுங்கித் தட்டையாகிவிட்ட காரில், தரைக்குப் பாய் ஒட்டுவது ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சுவருக்குப் பூச்சு பூசுகிற வேலை. சோதிக்க ஒரு வெள்ளித் தாள் போதும். கதவுக்கும் சீலுக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி இழுங்கள். தாளை இறுகப் பிடித்துக்கொண்டால் சீல் உயிரோடு இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் செத்துவிட்டது. கதவைச் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்யுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில், எஞ்சின் அறையிலிருந்து வயர்களும் கேபிள்களும் நுழையும் துளைகளின் ரப்பர் மூடிகள் விழுந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மூடி போயிருந்தாலும் எஞ்சின் நேராக உங்கள் முழங்காலோடு பேசும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பாய். அதுவும் எங்கும் வேண்டாம். எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து அதிரும்போது ஒரு விரல் வைத்தால் அடங்குகிறது. முழுக் கையால் மூட வேண்டியதில்லை. தகடும் அப்படித்தான். விரலால் தட்டிப் பாருங்கள்: 'டொங்' என்று நீளும் இடத்துக்கு நடுவில் ஒரு துண்டு ஒட்டினால் 'டொக்' என்று நின்றுவிடும். மாலை மழையில் கூரை பறையாய் அதிர்வதும் இதனால் நன்றாகவே தணியும். தார் கலந்த மலிவுப் பாய் நம் வெயிலில் இளகி நாறும். அலுமினியத் தாளோடு வரும் பியூட்டைல் ரப்பர் வாங்குங்கள்.

இதற்குள் சிலர் கேட்டிருப்பீர்கள்: இத்தனை பாடு எதற்கு, புதுக் கார் வாங்கிவிடலாமே? வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஆனால் மவுண்டிங், டயர், சீல் எல்லாம் சேர்ந்தாலும் பல ஆண்டுக் கடன் தவணைக்குப் பக்கத்தில் வராது. இன்னொரு கேள்வி கனமானது. சத்தம்தானே வேகத்தை உணர்த்துகிறது. அமைதியாக்கினால் சின்ன பிரேக்குள்ள வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டமாட்டார்களா? இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். கெட்ட பேரிங்கின் ஊளையைப் பாய் போட்டு மூடினால், வண்டி சொல்ல வந்த சேதியின் வாயைக் கட்டியதாகும். பேரிங்கை மாற்றினால் சேதியும் முடிந்தது, சத்தமும் முடிந்தது. மற்றபடி வேகம் பார்க்க ஸ்பீடோமீட்டர் இருக்கிறது. அதோடு, எல்லாம் செய்தாலும் கன்சில் ஒருநாளும் பெரிய காரின் அமைதியைத் தராது. வால்யூம் ஒரு கோடு இறங்கினால், பின்சீட்டில் இருக்கும் அம்மா சொல்வதை மறுபடி கேட்காமலே புரிந்துகொள்ள முடிந்தால், அதுவே நல்ல பலன்.

ஒட்டும்போது ஒரு விஷயம். கதவுகளின் அடி விளிம்பில் மழைநீர் வடிய சிறு துளைகள் உண்டு. பாயோ பிசினோ அவற்றை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். தரையில் கம்பளி, பஞ்சு எதுவும் போடாதீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய கார்களை நினைவிருக்கும். ஒருமுறை நனைந்த பஞ்சு, தரைத் தகட்டை அரித்து முடிக்கும்வரை காயாது.