எடை குறைந்தால் வேகம் கூடும்



காண்டா வாளியில் பால் சுமந்தவர்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நிறைந்த வாளிகளோடு மேடு ஏறுவது கடினம். வளைந்து திரும்புவது கடினம். இறக்கத்தில் சட்டென்று நிற்பது அதைவிடக் கடினம். வெறும் வாளியோடு வரும்போதோ அதே கால்கள் ஓடுகின்றன. மோட்டார் வண்டியின் நிலையும் இதுதான். இந்த உண்மையை நம்பி 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு பந்தயக் காரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதன் பெயர் லோட்டஸ் இலெவன். தமிழில் சொன்னால், 'தாமரை பதினொன்று'.

அதை உருவாக்கியவர் காலின் சாப்மன், கட்டடப் பொறியியல் படித்தவர். பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை மாற்றியமைத்துத் தமது முதல் வண்டியை 1948இல் செய்தார். 1952இல் கம்பெனி தொடங்கியபோது அவருக்குத் தொழிற்சாலையாக அமைந்தது, தந்தையாரின் மதுக்கடைக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். பெரிய கம்பெனிகளின் பண பலம் அவரிடம் இல்லை. ஆகவே சக்தியைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைக்கவே வழி தேடினார்.

லோட்டஸ் இலெவனின் சட்டம் மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆனது. குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்தார்கள். கூரைக்கு மரச்சட்டம் அடிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: நான்கு மூலைச் சட்டம் ஆட்டம் கொடுக்கும், குறுக்கே ஒரு கட்டை அடித்தால் அசையாது. அதே தத்துவந்தான். மேலுக்கு அலுமினியத் தகடு. அதன் வடிவத்தை வரைந்தவர் விமானப் பொறியாளரான பிராங்க் காஸ்டின். காற்று தடையின்றி வழுக்கிச் செல்லுமாறு அதைத் தாழ்வாகவும் உருண்டையாகவும் அமைத்தார். முழு வண்டியின் எடை ஏறக்குறைய 450 கிலோதான்.

இதன் இயந்திரத்தின் கதை இன்னும் வியப்பானது. அது முதலில் காருக்காகச் செய்யப்பட்டதே அன்று! தீயணைப்புப் படையினர் கையால் தூக்கிச் செல்லும் நீர் இறைப்பானுக்காகக் கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் செய்தது. தூக்குவதற்கு இலேசாக இருக்க வேண்டும்; மணி அடித்ததும் முழு வேகத்தில் ஓட வேண்டும். பந்தயக் காருக்கும் இவைதாமே தேவை! அதையே சற்றுப் பெரிதாக்கி, 1,098 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் காருக்குப் பொருத்தினார்கள்.

பிரான்சிலுள்ள லெ மான் நகரில் 24 மணி நேரம் இடைவிடாது ஓடும் பந்தயம் நடைபெறுகிறது. 1956இல் அங்கு இந்தக் கார் தன் பிரிவில் முதலாவதாகவும், எல்லாக் கார்களிலும் ஏழாவதாகவும் வந்தது. 1957இல் 744 கன சென்டிமீட்டர் இயந்திரம் பூட்டிய மற்றொரு லோட்டஸ், இயந்திரத்தின் அளவை வைத்துத் திறமையைக் கணக்கிடும் சிறப்புப் பரிசை வென்றது. அவ்வாண்டு முதலாவதாக வந்த ஜாகுவாரின் இயந்திரம் அதைப்போல் ஐந்து மடங்கு பெரியது!

ஆனால், நேயர்களே, இந்த விளையாட்டின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1957 லெ மான் பந்தயத்தில் 1,100 பிரிவை வென்ற லோட்டஸை ஓட்டிய இருவரில் ஒருவர் மெக்கே-பிரேசர் என்ற அமெரிக்கர். மூன்றே வாரங்களில், ரீம்ஸ் நகரப் பந்தயத்தில், லோட்டஸ் காரிலேயே அவர் உயிரிழந்தார். ஓட்டுநரைக் காக்கும் அமைப்புகள் அக்காலப் பந்தயக் கார்களில் மிகக் குறைவு. வேகத்துக்காகச் சிந்தித்த அளவுக்கு உயிருக்காகச் சிந்திக்க உலகம் வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

எடையைக் குறைப்பது ஓர் அறிவு. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது அதனினும் பெரிய அறிவு. உங்கள் பிள்ளைகளில் எவரேனும் இயந்திரத் தொழில் கற்க விரும்பினால், இந்த இரண்டையும் சேர்த்தே கற்கட்டும்.