புயலுக்கு முன் ஒரு வீடு

மழைக்கு முன் வரம்பைக் கட்டுவது உழவனுக்கு இயல்பு. மாரிக்கு முன் கூரைக்குப் புதுக் கிடுகு வேய்வதும் நம்மவரின் பழைய வழக்கமே. ஆயினும், புயல் வருமென்று கேட்ட பின்னரே குடிநீரையும் விளக்கையும் தேடுவோர் இன்றும் பலர்.

வங்கக் கடலிலே புயல்கள் பிறந்து இலங்கைக் கரையை நாடுவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயாம். 1964 டிசம்பரில் வடபகுதியைத் தாக்கிய புயல், அப்பால் தனுஷ்கோடியையும் அழித்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புப் பகுதியைத் தாக்கிய சூறாவளி ஏறக்குறைய 900 உயிர்களைக் கொண்டது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின்போதோ, மலையகத்து மண்சரிவுகளே பெருஞ்சேதம் விளைத்தன. ஆகையால், இது கடற்கரையார்க்கு மட்டும் உரிய கவலையன்று.

இங்கே அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. புயலின் நடுப்பகுதி ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். வானமும் சற்றே வெளிக்கும். புயல் ஓய்ந்ததென்று எண்ணி வெளியே வருவோர் பெருந்தவறு செய்கின்றனர். சில நிமிடங்களிலோ, ஒரு மணித்தியாலத்துக்குள்ளோ, காற்று எதிர்த்திசையிலிருந்து முன்போலவே சீறி வரும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சில கரைகளிலே கடல் உள்வாங்கியபோது, அதைப் பார்க்கச் சென்றோரும் இவ்வாறே ஏமாந்தனர். சுமாத்திராவில் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களின் பின்னரே அலை இலங்கையை அடைந்தது. காலம் இருந்தது, செய்திதான் வந்து சேரவில்லை.

ஆதலால், வீட்டில் இருக்க வேண்டிய பொருள்களுள் நம்பத்தக்க செய்தியும் ஒன்றாகும். வானொலிப் பெட்டியும் அதற்கு வேண்டிய பற்றரிகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காற்று, மழை பற்றிய முன்னறிவித்தலுக்கு வளிமண்டலவியல் திணைக்களமும், மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் உரியவை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஊரில் கிராம உத்தியோகத்தரைக் கேட்கலாம். வேறு வழியாக வரும் எச்செய்தியையும் மூன்று கேள்விகளால் சோதித்தறிக: சொன்னவர் யார்? சொன்னது எப்போது? சொன்னது எந்த ஊருக்கு? நேற்றைய எச்சரிக்கை இன்று உலாவினாலும், அயலூர்ச் செய்தி நம்மூர்ச் செய்தியாக மாறினாலும், தீங்கு தீங்கே.

இனி, பொருள்கள். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லீற்றர் வீதம், மூன்று நாள்களுக்குக் குடிநீரை மூடிய பாத்திரங்களிலே சேமித்தல் நன்று. வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துச் சுத்தி செய்யும்வரை அந்நீரைக் குடித்தலாகாது. அவல், பிஸ்கட், ஈச்சம்பழம் போன்ற, அடுப்பு வேண்டாத உணவுகள் உதவும். நாளாந்தம் உண்ணும் மருந்து, குழந்தையின் பால்மா, டோர்ச் விளக்கு, தீப்பெட்டி ஆகியவற்றோடு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்பவற்றையும் நீர் புகாத உறையிலிட்டு ஒரே பையில் வைத்தல் வேண்டும். உறுதியைத் தேடிப் பெட்டியைக் கிளறும் நேரத்திலேதான் வெள்ளம் முற்றத்தைத் தாண்டுகிறது.

மலைச்சரிவில் வாழ்வோர், நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால், அறிவித்தலுக்குக் காத்திராது அகல வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது, வீட்டார் ஒன்றாயிருந்து முன்கூட்டியே செய்யும் தீர்மானம். எந்தப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ செல்வது? நடக்கமாட்டாத பாட்டியை யார் தாங்குவது? பிள்ளைகள் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது? கொட்டும் மழையிலே, இருளிலே, இவற்றைப் பேசித் தீர்க்க இயலாது. வானம் தெளிந்திருக்கும் ஒரு மாலையிலே, இராச்சாப்பாட்டின் பின் அரைமணி நேரம் இதற்குப் போதும். அந்த அரைமணி நேரத்தை எந்த வீடும் இழந்ததாகக் கருதமாட்டாது.