ஏந்திய கையும் கொடுக்க வேண்டிய கூலியும்



அவையில் வீற்றிருக்கும் ஆலிம் பெருமக்களே, பேராசிரியர்களே, கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களே, தாய்மார்களே!

துஆ, ஈமான், அன்றாட ஒழுக்கம் ஆகிய மூன்றையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்த அமைப்புக் குழுவினருக்கு முதலில் என் நன்றி. நம் பாடத்திட்டங்களில் துஆ வணக்க வழிபாட்டுப் பகுதியில் வரும். கூலி, கடன், எடை, வாடகை எல்லாம் முஆமலாத் என்னும் கொடுக்கல் வாங்கல் பகுதிக்குப் போய்விடும். முன்னதைப் படித்தவர் பின்னதைத் திரும்பிப் பார்க்காமலே பட்டம் பெற்றுவிட முடியும். பாடம் நடத்த இந்தப் பிரிவினை வசதியானதுதான். ஆனால் துஆவைப் புரிந்துகொள்ள இது பெரிய தடை என்பது என் உறுதியான கருத்து. அதை உங்கள் முன் வைக்கவே இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

குகையில் அகப்பட்ட மூவரின் ஹதீஸ் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அறிவிப்பது. மழைக்கு ஒதுங்கியவர்களின் குகை வாசலைப் பாறை அடைத்துவிடுகிறது. ஒவ்வொருவரும் தம் வாழ்வில் அல்லாஹ்வுக்காகவே செய்த ஒரு செயலை முன்னிறுத்தி துஆ கேட்கிறார்கள். முதியவர்களான பெற்றோர் கண்விழிக்கும்வரை பால் கிண்ணத்தோடு விடியவிடிய நின்றவர் ஒருவர். இறையச்சத்தை நினைவூட்டிய ஒரு சொல்லுக்காகத் தகாத உறவிலிருந்து எழுந்து விலகியவர் ஒருவர். இந்த இருவரைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். மூன்றாமவரிடம் சற்று நிற்போம்.

அவர் ஒரு முதலாளி. ஒரு ஃபரக் தானியம் கூலி என்று பேசி ஓர் ஆளை வேலைக்கு வைத்தார். ஒரு ஃபரக் என்றால் மூன்று ஸாஉ. அரிசி என்று ஓர் அறிவிப்பு, சோளம் என்று இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் ஒரு மனிதன் தலையில் சுமந்துகொண்டு போய்விடக்கூடிய அளவு. வேலையாள் கூலியை வாங்காமல் போய்விட்டார். முதலாளி அந்தத் தானியத்தை விதைத்தார். விளைந்ததை மீண்டும் விதைத்தார். அது மாடுகளாயிற்று, மேய்க்க ஓர் ஆளும் வந்தார். பல காலம் கழித்து வேலையாள் திரும்பி வந்து தம் கூலியைக் கேட்டபோது, அந்த மாடுகளையும் மேய்ப்பனையும் காட்டி, எல்லாம் உன்னுடையதுதான், ஓட்டிக்கொண்டு போ என்றார். வந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளுங்கள், என்னைக் கேலி செய்யாதீர்கள் என்றார். ஏழை உழைப்பாளி எத்தனை இடங்களில் ஏமாந்திருந்தால் இப்படி ஒரு பதில் வரும் என்று எண்ணிப் பாருங்கள். கேலி இல்லை என்று உறுதி சொல்லி, ஒன்றுகூட மீதம் வைக்காமல் ஒப்படைத்தார் முதலாளி. அந்தச் செயலைச் சொல்லிக் கேட்டபோதுதான் பாறை முழுவதும் விலகியது.

இமாம் புகாரி இந்த ஹதீஸை எங்கே வைத்தார் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். வணிகம் பற்றிய பகுதியில் வைத்தார். கூலிக்கு அமர்த்துவது பற்றிய பகுதியில் வைத்தார். விவசாயக் கூட்டு பற்றிய பகுதியிலும், நபிமார்களின் வரலாற்றிலும், நற்பண்புகள் பகுதியிலும் வைத்தார். அந்தப் பேரறிஞருக்கு துஆவும் சம்பளமும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருக்கவில்லை.

திருக்குர்ஆனின் அமைப்பிலும் இதே இணைப்பைப் பார்க்கிறோம். அல்பகறா அத்தியாயத்தில் 183 முதல் 187 வரை நோன்பின் சட்டங்கள். அவற்றின் நடுவே, 186-ஆம் வசனத்தில், அழைப்பவனின் அழைப்புக்குப் பதில் தருவதாக இறைவன் கூறுகிறான். நோன்புச் சட்டம் முடிந்த கையோடு 188-ஆம் வசனம் வருகிறது. பிறர் பொருளைத் தவறாக உண்ணாதீர்கள், அதற்காக அதிகாரிகளிடம் போகாதீர்கள் என்பது அதன் கருத்து. ரமளான் மாதத்தில் 186-ஐ உருக்கமாக விளக்கும் நாம், இரண்டு வசனம் தள்ளி இருப்பதை எட்டிப் பார்ப்பதில்லை.

நெடும்பயணம் செய்த ஒரு மனிதரை நபி (ஸல்) அவர்கள் சித்திரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இமாம் நவவியின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் அது பத்தாவது. பரட்டைத் தலை, புழுதி படிந்த உடல், வானை நோக்கி ஏந்திய கைகள், யா ரப்பு யா ரப்பு என்ற கெஞ்சல். பயணியின் நிலை, பணிவு, கையேந்துதல், திரும்பத் திரும்ப அழைத்தல் என ஏற்கப்படுவதற்கான காரணங்கள் அத்தனையும் அவரிடம் கூடியிருப்பதை அறிஞர் இப்னு ரஜப் சுட்டிக்காட்டுகிறார். ஆனால் அவருடைய உணவு ஹராம், குடிப்பது ஹராம், உடுத்தியிருப்பது ஹராம். எப்படிப் பதில் கிடைக்கும் என்று கேட்கிறார்கள் நபியவர்கள்.

முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது சொன்ன அறிவுரையும் இந்த வரிசையில் வர வேண்டியது. ஜகாத் வசூலிக்கையில் மக்களின் சிறந்த பொருள்களைத் தேடி எடுக்காதீர், அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள்ளும், அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்ற பொருளில் அமைந்தது அது. நாம் கேட்கும் துஆவைப் பற்றியே கவலைப்படுகிறோம். நமக்கு எதிராக யார் கையேந்தியிருக்கிறார் என்ற கவலை வருவது அபூர்வம்.

இமாம் கஸ்ஸாலி (1058-1111) தம் இஹ்யா நூலில் துஆவின் ஒழுங்குகள் பத்தைச் சொல்கிறார். நேரம், கிப்லாவை நோக்குதல், குரலின் அளவு என்று வரிசை போகிறது. பத்தாவதை அக ஒழுங்கு என்று தனியே பிரித்து, பதில் கிடைப்பதற்கு அதுவே அடிப்படை என்கிறார். தவ்பா செய்வது, பறித்த உரிமைகளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது, முழு மனத்தோடு இறைவன் பக்கம் திரும்புவது. நடுவில் இருப்பதைப் பாருங்கள். அதைத் தொழுகை விரிப்பில் அமர்ந்து செய்ய முடியாது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டப் போக வேண்டும்.

ஈமானின் பொறுமையைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டேன், கிடைக்கவில்லை என்று அவசரப்படாதவரை துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழி. இதை வரும் அமர்வுகளில் அறிஞர்கள் விரிப்பார்கள். கடனைப் பற்றி மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். நபியவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். இவ்வளவு அடிக்கடி ஏன் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்று காரணம் கூறினார்கள். வறுமை வரும், வட்டி ஏறும் என்று சொல்லவில்லை. நாக்கு கெட்டுப்போகும் என்றார்கள். மாதத் தவணை கட்ட முடியாமல், வசூலுக்கு வருபவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று குழந்தையைச் சொல்லவைக்கும் வீடு எந்தத் தெருவில் இல்லை? அந்தக் குழந்தையின் நாக்கையும் சேர்த்துத்தான் அந்த துஆ காக்கிறது.

தமிழகத்தில் ஜமாஅத் தொழுகைக்குப் பின் கூட்டாக துஆ கேட்கலாமா, கையை எப்படி ஏந்துவது என்பன பற்றிப் பல பத்தாண்டுகளாக விவாதித்திருக்கிறோம். அந்த ஆய்வுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த உழைப்பில் ஒரு பங்கையாவது ஏந்திய கை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் செலவிட்டிருந்தால், தோல் பதனிடும் கூடத்திலும் ஜவுளிக்கடைக் கல்லாவிலும் அதன் பயன் தெரிந்திருக்கும்.

இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். முனாஜாத்து தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த தனித்த இலக்கிய வகை. யாப்பு, சந்தம், அரபுச் சொற்களின் கலப்பு என்று அதை ஆராய்ந்திருக்கிறோம். அந்தப் பாடல்களில் நம் முன்னோர் எதைக் கேட்டார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். கடல் கடந்து வணிகம் செய்த ஊர்க்காரர்கள் எதற்காகக் கையேந்தினார்கள்? கடனைப் பற்றிக் கேட்டார்களா, பிறருக்குச் செய்த தவற்றை ஒப்புக்கொண்டார்களா? ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான பொருள் அதில் உண்டு. அதற்கு இந்த அரங்கில் ஒருவராவது முன்வந்தால் என் மனம் நிறையும்.

அமைப்புக் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். நேற்றிரவு முதல் பந்தலிலும் சமையற்கட்டிலும் உழைக்கும் சகோதரர்களுக்கு, வியர்வை காயும் முன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியின்படி, மாலை நிறைவு துஆவுக்கு முன்பே கணக்கை முடித்துவிடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கிவைக்கக் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன். வஸ்ஸலாம்.