வீட்டு இன்சூரன்ஸ் யார் பேரில் இருக்கு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வட்டி பத்தி மாசா மாசம் பேசுறோம். இன்னிக்கு நாம வாய்விட்டுப் பேசத் தயங்குற ஒரு விஷயத்தைச் சொல்றேன். புருஷன் பெண்டாட்டி பிரிஞ்சுட்டா வீட்டு இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

நம்ம கடற்கரைக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் தர வேண்டும் என்று அரசு 2005-ல் முடிவு செய்தது. 10 வருஷ இன்சூரன்ஸும் அந்தத் திட்டத்தில் இருந்தது. அந்த 10 வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு. புயல் மட்டும் நிற்கலை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரை கடந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி யார் கஷ்டப்படுறாங்கன்னு பார்த்துப் பணம் தராது. பாலிசியில் யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான் தரும். பாலிசி அவர் பேரில் மட்டும் இருந்தால், பிள்ளைகளோட மழையில் நனையறது நீங்க, பணம் போறது அவர் கணக்குக்கு. அதனால் நாலு காரியம் செய்யணும்.

முதலாவது, பட்டாவை எடுத்துப் பாருங்க. ரெண்டு பேர் பேரும் இருந்தால், பிரிஞ்சதால மட்டும் உங்க உரிமை போகாது. விவாகரத்து ஆனாலும் பேர் தானா மாறாது. அவர் தன் பங்கை விட்டுத் தர்றதா இருந்தால், விடுதலைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யணும். வாய்ப்பேச்சு செல்லாது.

இரண்டாவது, கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிங்க. பேர், வங்கிக் கணக்கு, போன் நம்பர், நாமினி எல்லாத்தையும் திருத்தச் சொல்லுங்க. திருத்தின தாளைக் கையில் வாங்கி வைங்க. மற்ற பாலிசி, வங்கிக் கணக்கிலும் நாமினி யாருன்னு பாருங்க. பிரிஞ்சதும் அதுவும் தானா மாறாது.

மூன்றாவது, வீடு உங்க பேரில் இல்லையா? வாடகை வீட்டுக்கு வந்துட்டீங்களா? வீடு உங்களது இல்லாட்டியும் பீரோ, கட்டில், கிரைண்டர், டிவி உங்களதுதானே! 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பாலிசி இருக்கு. தீ, புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். கட்டடம் இல்லாமல் வீட்டுப் பொருளுக்கு மட்டும்கூட எடுக்கலாம். பொருள் வாங்கின ரசீதையும் போட்டோவையும் பத்திரமா வைங்க.

நான்காவது, "வீட்டை விட்டுப் போ"ன்னு சொன்னால் பயந்து கிளம்பிடாதீங்க. வீடு உங்க பேரில் இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவி தங்கலாம் என்று 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லுது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. செங்கல்பட்டில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்க. 15100-க்கும் போன் செய்யலாம். இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடிச்சா 155255-ல் புகார் சொல்லலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் பட்டா, பாலிசி நகலோட வாங்க. படிக்கத் தெரிஞ்சவங்க மத்தவங்களுக்குப் படிச்சுச் சொல்லுங்க. பிரிஞ்சவங்க மட்டும் இல்லை, சேர்ந்து இருக்கிறவங்களும்தான். புயல் வந்த பிறகு பேர் மாத்த முடியாது.