கடைப் புத்தகமும் பத்து வெள்ளியும்



சிக்கனம் என்று பேச்சைத் தொடங்கினாலே நம் தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மாதக் கடைசியில் ஒரு பிடி நெத்திலியையும் இரண்டு உருளைக்கிழங்கையும் வைத்துக்கொண்டு ஆறு பேருக்குக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, சிக்கனத்தைப் பற்றி யார் என்ன சொல்லிக் கொடுப்பது? ஆகவே இன்று நாம் அடுப்படிக்குள் நுழையப் போவதில்லை. அடுப்படிக்கு வருவதற்கு முன்பே பணம் எந்த வழியாகப் போய்விடுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நம்மில் பெரும்பாலோர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இல்லையென்றால் தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர், பாகான் செராய் என்று பேராக் மாநிலத்தின் எந்தப் பக்கம் போனாலும், "இது முன்பு கித்தாக் காடு" என்று கை காட்டிச் சொல்லக்கூடிய இடங்கள் இருக்கின்றன. இன்று அவற்றிற் பல செம்பனைக் காடாகிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கிருந்த குடும்பங்கள் ஈப்போவுக்கும், புந்தோங்குக்கும், சிறு பட்டணங்களின் ஓரத்துக்கும் வந்து சேர்ந்தன.

அந்தக் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "தோட்டத்தில் சம்பளம் குறைவுதான். ஆனாலும் எப்படியோ ஓடியது. இப்போது சம்பளம் கூடியிருக்கிறது. கையில் ஒன்றும் நிற்கவில்லை." இதைக் கேட்டுவிட்டு, இக்காலத்துப் பிள்ளைகளின் ஆடம்பரம்தான் காரணம் என்று முடிவு கட்டுவது சுலபம். உண்மை அதுவன்று. தோட்டத்து வாழ்வில் சம்பளச் சீட்டில் எழுதப்படாத சில வரவுகள் இருந்தன. லயத்து வீட்டுக்கு நாம் வாடகைப் பணம் எண்ணிக் கொடுத்ததில்லை. விறகு காட்டிலிருந்து வந்தது. கொல்லையில் முருங்கை, மரவள்ளி, வாழை. சில வீடுகளில் பசு மாடும் கோழியும். பெரட்டுக் களத்துக்கு நடந்தே போனோம். பட்டணத்துக்கு வந்த அன்றே இவை அனைத்தும் செலவுப் பக்கத்துக்கு மாறிவிட்டன. வாடகை, தண்ணீர், மின்சாரம், சமையல் எரிவாயு, பேருந்து அல்லது மோட்டார் சைக்கிள் பெட்ரோல், கீரைக் கட்டுக்குக்கூட ஒரு விலை. சம்பளம் ஏறியதும் மெய், கை காலியாவதும் மெய்.

அந்நாளைப் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். விடியற்காலையில் மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலையுதிர்த்தால் பாலும் குறைந்துவிடும். வேலை செய்த நாளுக்கே கூலி. மழைக்காலத்துச் சம்பள நாளில் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. அந்த மழைக்காலத்தில்தான் நமக்கும் கடைக்காரருக்கும் ஓர் உறவு ஏற்பட்டது.

555 என்று அட்டையில் அச்சிட்ட அந்தச் சிறிய குறிப்புப் புத்தகத்தை அறியாத மலேசியக் குடும்பம் இருக்காது. அரிசி, சீனி, மீன் டின், மண்ணெண்ணெய் என்று வாங்குவதை எல்லாம் கடைக்காரர் அதில் குறித்துக் கொள்வார். சம்பள நாளன்று கணக்குத் தீர்ப்போம். கடைக்காரரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. வேலையில்லாத நாட்களில் நம் பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் காத்தது அந்தப் புத்தகம்தான். ஆனால், சம்பளம் வந்ததும் பழைய பாக்கியைக் கட்டுகிறோம்; கட்டியதும் கை காலி; மறுநாளே புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்குகிறோம். இப்படி ஒரு குடும்பம் எந்நாளும் ஒரு மாதம் பின்தங்கியே நடக்கிறது. அப்பா காலத்தில் பின்தங்கியது மகன் காலத்திலும் பின்தங்குகிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பற்றில் வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, கேட்கக் கூசுகிறது. பக்கத்துக் கடையில் எண்ணெய் மலிவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. சந்தை முடியும் நேரத்தில் காய்கறி பாதி விலைக்குக் கிடைக்கும். அதற்கு ரொக்கம் வேண்டும். கடைக்கு அனுப்பிய பிள்ளை தனக்கொரு மிட்டாயையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு வரும். ஒரு குடும்பம் மாதம் 450 வெள்ளிக்குச் சாமான் வாங்குவதாக வைத்துக் கொள்வோம். இந்த வழிகளில் பத்தில் ஒரு பங்கு வீணானால்கூட, மாதம் 45 வெள்ளி. ஆண்டுக்கு 540 வெள்ளி. அது ஒரு மாதச் சாமான் செலவைவிட அதிகம்.

அப்படியானால் வெளியே வருவது எப்படி? ஒரே மாதத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறேன் என்று சபதம் செய்தால் அது நடக்காது. இரண்டாம் வாரமே வெட்கத்தோடு கடைக்குத் திரும்ப வேண்டி வரும். ஒரே ஒரு பொருளை மட்டும் புத்தகத்திலிருந்து வெளியே எடுப்போம். முதலில் அரிசி. மற்றவை எல்லாம் பழையபடி பற்றிலேயே வரட்டும். அரிசியை மட்டும் ரொக்கம் கொடுத்து வாங்குவோம். இரண்டு மூன்று மாதம் அது நிலைத்த பிறகு எண்ணெய். பிறகு சீனியும் மாவும். ஓர் ஆண்டுக்குள் அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் மெலிந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். கடைக்காரரோடு உறவும் கெடாது. அவசரத்துக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

இங்கே ஆண்மக்களுக்கும் ஒரு சொல். வீட்டுக் கணக்கை மனைவி எழுதுகிறாள். உப்புக்கும் புளிக்கும் அவள் கணக்குக் காட்டுகிறாள். ஆனால் சம்பளக் கவரைப் பிரித்துப் பாதியை வெளியே செலவழித்துவிட்டு மீதியைக் கொண்டுவந்து கொடுக்கும் கணவரின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. கள்ளுக்கடைக் காலத்திலும் இதே கதைதான். இன்று பீர், சிகரெட்டு, நான்கு நம்பர் என்று பெயர்தான் மாறியிருக்கிறது. குடும்பக் கணக்கு என்றால் அதில் அப்பாவுக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மனைவியிடம் சிக்கனம் பேச நமக்கு உரிமையில்லை.

தவணை முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1,200 வெள்ளி குளிர்பெட்டி, மாதம் 70 வெள்ளி, 24 மாதம் என்று விளம்பரம் போட்டால், மலிவாகத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் 1,680 வெள்ளி. அதே 70 வெள்ளியை மாதந்தோறும் ஒதுக்கி வைத்தால் பதினெட்டாம் மாதத்தில் 1,260 வெள்ளி சேர்ந்துவிடும், ரொக்கமாகவே வாங்கிவிடலாம். வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது என்பவர் தவணையில் வாங்குவதைக் குற்றம் சொல்ல மாட்டோம். அது சம்பாதித்துக் கொடுக்கும். தொலைக்காட்சி அப்படிச் செய்யாது.

ஆலோங் என்கிற வட்டி முதலைகளிடம் போவது வேறு வகைத் துன்பம். நூற்றுக்குப் பத்து என்று அவர்கள் சொல்வது மாதத்துக்கு. 1,000 வெள்ளி வாங்கினால் மாதம் 100 வெள்ளி வட்டி. ஓராண்டில் 1,200 வெள்ளி கட்டிய பிறகும் அசல் 1,000 வெள்ளி அப்படியே நிற்கும். 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கே 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அதாவது 1,000 வெள்ளிக்கு ஆண்டு முழுவதும் 180 வெள்ளி. இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். கூட்டு, சீட்டு என்று பல பெயரில் நடப்பதைப் பற்றியும் ஒன்று: அதை ஒரு தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துகிறவர் ஓடிவிட்டால் நம் பணத்தை மீட்பது அரிது.

இனி, நம் மாநிலத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாறு. 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டு நிலத்துக்குப் பழைய தொழிலாளர்கள் தேவைப்படவில்லை. வேலை போன அன்றே வீடும் போனது. ஏனென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். எவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்திய தாயும் அன்று சட்டிப் பானையோடு சாலையோரம் நிற்க வேண்டி வந்தது.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும், அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் இதற்கு ஒரு வழி தேடினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்று 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளியால் 100 வெள்ளியை ஒரே தடவையில் புரட்ட முடியாது. ஆகவே மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்று ஏற்பாடு. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். பத்து வெள்ளியைச் சேர்த்து ஒரு தோட்டத்தையே வாங்குவது என்பது அன்று கேட்டவர்களுக்கு நம்பத்தகாத பேச்சாகவே இருந்திருக்கும். ஆனால் கணக்கு எளியது. ஒருவர் பத்து மாதத்தில் 100 வெள்ளி சேர்க்கிறார். பத்தாயிரம் பேர் சேர்த்தால் பத்து லட்சம் வெள்ளி. 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நாளுக்குச் சில வெள்ளிகளே கூலி வாங்கிய காலம் அது. கடைப் புத்தகத்தில் எழுத வேண்டிய ஏதோ ஒன்றை எழுதாமல் விட்ட ஒரு மனைவியின் கையிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். மேடையில் மாலை வாங்கியவர்களில் அவள் இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பெயரில் பழைய பங்குப் பத்திரம் ஏதும் இருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் சங்கத்தில் விசாரித்து வாரிசுப் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இன்றைக்கு அதே வேலையைத் தொழிலாளர் சேமநிதியிலும் செய்யலாம். 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மொத்தம் 408 வெள்ளி மாதந்தோறும் சேமநிதிக்குப் போகிறது. 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, 2024 மே மாதத்திலிருந்து இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 வெள்ளி 80 காசு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் விழுகிறது. எடுக்கலாம் என்பதாலேயே மாதாமாதம் எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டு தொடாமல் விட்டால் 489 வெள்ளி 60 காசு. அதற்கு மேல் லாப ஈவும் உண்டு. முன்பு சொன்ன அந்த 450 வெள்ளிப் புத்தகத்தை ஒரே தடவையில் தீர்த்துவிட அது போதும். 55 வயதில் வாங்கும் சேமநிதியை மகள் கல்யாணத்து மண்டபத்துக்கும் விருந்துக்கும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே வேலை தேடிப் போகும் பெரியவர்களையும் நாம் பார்க்கிறோம். சமூகம் என்ன சொல்லுமோ என்ற அச்சத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி, எதில் சிக்கனம் கூடாது என்பது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ், கிராமத்து வறுமையை அளக்க ஒரு விந்தையான வழி சொன்னார். வீட்டில் உள்ள சாரோங்குகளை எண்ணி, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் தொகையால் வகுத்துப் பார்ப்பது. எத்தனை பேருக்கு எத்தனை சாரோங் என்று பார்த்தால், அந்த வீட்டின் நிலை தெரிந்துவிடும்.

நாம் சாரோங்கை எண்ண வேண்டாம்; முட்டையை எண்ணலாம். வாரத்துக்கு எத்தனை முட்டை வாங்குகிறோம், அவை யார் யார் தட்டுக்குப் போகின்றன என்று ஒரு வாரம் மட்டும் குறித்து வாருங்கள். வேலைக்குப் போகிறவருக்கு ஒன்று, பள்ளிக்குப் போகும் பையனுக்கு ஒன்று என்று போய், பெண்பிள்ளைக்குப் பாதியும் தாய்க்கு ஒன்றுமில்லாமலும் முடிகிற வீடுகள் அநேகம். அங்கே மிச்சமாவது பணமன்று. அந்தத் தாய் சோகை பிடித்து நான்கு நாள் வேலைக்குப் போகாவிட்டால், மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு போய்விடும். குறைக்க வேண்டியதைப் புத்தகத்தில் குறைப்போம், தவணையில் குறைப்போம், அப்பாவின் பக்கத்தில் குறைப்போம். முட்டை, நெத்திலி, பயறு, கீரை ஆகியவை வீட்டில் எல்லார் தட்டிலும் விழ வேண்டும்; சமைத்தவள் தட்டிலும்.