ஏலம் கேட்டவர் எங்கே?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உபயோகமா ஏதாச்சும் பேசுப்பா, ஹாஸ்டல் கதையெல்லாம் வேண்டாம்" என்று செயலாளர் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் பிழைப்புக்குச் செய்வது ஆன்லைன் ஏலத்துக்கான மென்பொருள் எழுதுவது. ஆகவே அந்தத் தொழிலின் பெரிய தலைவலியைப் பற்றியே பேசுகிறேன். எல்லோரையும் மிஞ்சி விலை கேட்பார். ஏலம் அவர் பெயரில் முடியும். பிறகு பணம் கட்ட மாட்டார், போனையும் எடுக்க மாட்டார். இவரை என்ன செய்வது?

சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. புளியமர ஏலம், ஏரி மீன் ஏலம், திருவிழாக் கடை ஏலம் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். என் அப்பா மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயி. பருத்தி மூட்டையோடு திருச்செங்கோடு கூட்டுறவுச் சங்க ஏலத்துக்குப் போகும்போது சின்ன வயதில் நானும் வண்டியில் ஏறிக்கொள்வேன். வியாபாரிகள் மூட்டையில் கையை விட்டுப் பஞ்சை இழுத்துப் பார்த்து விலை போடுவார்கள். ஒருவர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்று அப்பாவைக் கேட்டேன். "அடுத்த வாரம் அவன் இங்கதான கண்ணு வந்தாகணும்?" என்றார்.

அந்த ஏலத்தின் பலம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. கேட்பவரின் முகம் தெரியும், கடை தெரியும். சரக்கோ கிடங்கில் பத்திரமாக இருக்கிறது. ஆன்லைனில் முகமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் ஒருவன் ஒரு லட்சமும் கேட்கலாம், ஒரு கோடியும் கேட்கலாம்.

கேட்டும் இருக்கிறார்கள். 2005 ஜூலை 2-ம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 என்ற இசை நிகழ்ச்சி நடந்தது. ஆப்பிரிக்க வறுமைக்காகக் குரல் கொடுக்க பாப் கெல்டாஃப் ஏற்பாடு செய்தது. குலுக்கலில் இலவசமாகக் கிடைத்த டிக்கெட்டுகளைச் சிலர் ஈபே தளத்தில் ஏலத்துக்கு விட்டார்கள். கொதித்துப்போன ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை பொய்யாகக் கேட்டு ஏலத்தையே நாசமாக்கிவிட்டார்கள். கடைசியில் ஈபே அந்த டிக்கெட்டுகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அதில் ஒரு நியாயம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பணம் கட்டும் எண்ணமே இல்லாதவன் ஓர் ஏலத்தை எவ்வளவு சுலபமாகச் சாய்க்கலாம் என்பதற்கு அதுதான் பாடம்.

பெரிய இடங்களிலும் இதே கதிதான். 2009-ல் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் இரண்டு சீன வெண்கலத் தலைகளை ஏலம் விட்டது. 3 கோடி யூரோவுக்கு மேல் கேட்ட சீனர் ஒருவர், இவை எங்கள் நாட்டிலிருந்து கொள்ளை போனவை, பணம் தர மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். ஆனால் வெண்கலம் கெட்டுப்போகாது. 2013-ல் அந்தச் சிலைகள் சீனாவுக்கே அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தன. டிக்கெட் அப்படியா? நிகழ்ச்சி ஆறு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு அது வெறும் காகிதம். நம்ம நாமக்கல் முட்டையாவது ஒரு வாரம் தாங்கும்.

நம் வீட்டு விஷயத்துக்கே வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் உதவித்தொகை நிதிக்காக நம் சங்கம் நடத்திய இசை நிகழ்ச்சியில் முன்வரிசை இருக்கைகள் 12-ஐ இணையத்தில் ஏலம் விட்டார்கள். நான் அப்போது பார்வையாளன்தான். நிகழ்ச்சியன்று முன்வரிசையில் நான்கு நாற்காலிகள் காலி. கேட்டவர்கள் பணமும் கட்டவில்லை, வரவும் இல்லை. அந்தத் தொகையை நம்பி ஒரு மாணவிக்கு விடுதிக் கட்டணம் கட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தோம். கமிட்டிக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கையிலிருந்து போட்டுத்தான் அதைக் கட்டினார்கள்.

அதில் 7-ம் எண் இருக்கையின் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் 1,500 கேட்டார். இரண்டாமவர் 1,800. இதற்குள் மூன்றாமவர் ஒருவர் புகுந்து 2,500 என்றார். இரண்டாமவர் விடாமல் 3,000 என்றார். மூன்றாமவர் 5,000 என்று அடித்து ஏலத்தை முடித்து, அத்தோடு மறைந்தார். கமிட்டி இரண்டாமவரைக் கூப்பிட்டு, "நீங்க 3,000 கேட்டீங்களே, எடுத்துக்குங்க" என்றது. அவர், "அந்த ஆள் வராம இருந்திருந்தா எனக்கு 1,800-க்கே முடிஞ்சிருக்குமே, அந்தப் பொய் விலைக்கு நான் ஏனுங்க பணம் கட்டணும்?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். என் கட்சி அவர் கட்சிதான். ஓடிப்போனவர் கேட்ட விலைகளை எல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது 1,800. அந்த விலைக்கு அவரிடம் கொடுத்திருந்தால் நாற்காலியும் நிறைந்திருக்கும், நிதிக்கும் 1,800 வந்திருக்கும். நான் எழுதும் மென்பொருளில் இப்போது இந்த விதிதான் ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 64-வது பிரிவு: சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது, அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம். 54-வது பிரிவு இன்னும் சுவையானது. பணம் வராத விற்பனையாளர், வாங்கியவருக்கு நோட்டீஸ் கொடுத்து, நியாயமான அவகாசத்துக்குப் பிறகு மறுபடி விற்கலாம். சரக்கு அழுகும் பண்டமாக இருந்தால் நோட்டீஸ்கூட வேண்டாம். டிக்கெட் சரக்குதானா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய சங்கதி. ஆனால் தக்காளிக்குச் சொன்ன நியாயம் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். எப்படியும் 5,000 ரூபாய்க்காகக் கோர்ட்டுப் படி ஏறுவது வீண் வேலை.

வங்கிகளைப் பாருங்கள். கடனுக்காக எடுத்த நிலத்தையும் கட்டடத்தையும் இணையத்தில் ஏலம் விடும்போது, எடுத்தவர் அன்றே அல்லது மறு வேலைநாளுக்குள் கால்பங்கு கட்ட வேண்டும். மீதியைத் தவணைக்குள் கட்டாவிட்டால் கட்டியதும் போச்சு. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பறிமுதல் செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. ஏலச்சீட்டிலும் இதுதானே வழக்கம்? சீட்டை எடுத்தவர் ஜாமீன் கொடுத்த பிறகுதானே பணம் கைக்கு வருகிறது?

ஆகவே ஓடினவரைத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்பதற்கு முன்பே ஒரு சிறு தொகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் 200 ரூபாய் வைக்கச் சொன்னாலே விளையாட்டுக்குக் கேட்கிறவர்கள் கழன்றுகொள்வதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஏலம் முடிந்ததும் 24 மணி நேரக் கெடு. ஒரே ஒரு போன், மரியாதையாக. மருத்துவமனையில் இருக்கலாம், வங்கியில் அன்றைய வரம்பு முடிந்திருக்கலாம், வீட்டுப் பையன் போனை நோண்டியிருக்கலாம். கெடு தாண்டினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு மானத்தை வாங்குவது நமக்கு வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள். அதைச் செய்ய ஐந்து நிமிஷம் போதும். உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் டிக்கெட்டின் கியூஆர் கோடை அனுப்பாதீர்கள். "இந்தக் கோடை ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க, பணம் வரும்" என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. ஏமாந்துவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930. அந்தச் சட்டத்தின் வருஷமும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஞாபகம் வைக்கச் சௌகரியம்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ரயில் டிக்கெட்டை இப்படி விற்க நினைக்காதீர்கள். 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி அது குற்றம். மேட்ச் டிக்கெட்டோ கச்சேரி டிக்கெட்டோ, மறுவிற்பனை கூடாது என்று பின்னால் போட்டிருக்கிறதா என்று முதலில் படியுங்கள்.

இந்த வருஷ இசை நிகழ்ச்சிக்கும் 12 இருக்கைகள் ஏலத்துக்கு வருகின்றன. விதிகளை எழுதும் பொறுப்பைக் கமிட்டி என்னிடம் தந்திருக்கிறது. ஆளுக்கு 500 ரூபாய் முன்பணம், தோற்றவர்களுக்கு மறுநாளே திரும்பும். ஜெயித்துவிட்டுக் கெடுவுக்குள் மீதியைக் கட்டாதவரின் முன்பணம் உதவித்தொகை நிதிக்குப் போகும். "நம்ம பசங்ககிட்டயே முன்பணமா?" என்று ஓர் அண்ணன் வருத்தப்பட்டார். அவர் சொந்தத்தில் சீட்டு நடத்துகிறவர். "அண்ணா, சொந்த மச்சானுக்குச் சீட்டுப் பணம் கொடுக்கும்போது ஜாமீன் கேட்பீங்களா, மாட்டீங்களா?" என்றேன். சிரித்துக்கொண்டே முதல் 500-ஐ அவரே கட்டிவிட்டார்.

மற்றவர்களுக்கு ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழிதான்.