கியூபெக் பாலமும் ஒரு தந்தியும்

கட்டுமானத்தில் ஐயம் தோன்றினால் நிபுணரைக் கேளுங்கள் என்று மாணவ நண்பர்களுக்குச் சொல்வது எளிது. எங்கிருக்கும் நிபுணரை, எப்போது கேட்பது என்பதையே நான் இன்று பேச விரும்புகிறேன்.

கானடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மீது 1907-ஆம் ஆண்டு கியூபெக் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. எஃகுப் பாலம், நடுக்கண்ணின் நீளம் மட்டும் 1,800 அடி. முதலில் 1,600 அடியாகவே திட்டமிட்டிருந்தனர். நீளத்தைக் கூட்டியவர்கள் பாலத்தின் சொந்த எடையை முறையாக மறுபடி கணக்கிடவில்லை. ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் புகழ் பெற்றவர். ஆயினும் உடல்நலங் குன்றி, நியூயார்க்கிலிருந்தபடியே மேற்பார்வை செய்துவந்தார்.

ஆகஸ்டு இறுதியில், பாரந்தாங்கும் கீழ் உறுப்பொன்று இரண்டு அங்குலத்துக்கும் மேல் வளைந்திருந்தது. வரும்போதே அது வளைந்துதான் வந்தது என்று சிலர் வாதாடினர். வளைவு நாளுக்கு நாள் வளர்ந்ததை அவர்கள் எப்படி மறந்தனரோ! இளம் பொறியாளர் மக்லூர் நேரில் கேட்டுவர நியூயார்க் சென்றார். 29-ஆம் நாள் அவரைக் கண்ட கூப்பர், மேலும் பாரம் ஏற்றலாகாது என உடனே தந்தியடித்தார். தந்தி போனதோ பென்சில்வேனியாவிலிருந்த தொழிற்சாலைக்கு. பாலத்தில் வேலை நிற்கவில்லை. அன்று மாலையே பாலம் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர்.

கேள்வி சரியானது, விடையும் சரியானதே. விடை வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் துணிவும் உடையவர்தாம் ஆற்றங்கரையில் ஒருவரும் இல்லை.